முதல் வெளிநாட்டுப் பயணம்: இறங்கிய பிறகான மூன்று மணி நேரம்

முதன்முதலாக வெளிநாடு போனபோது நான் மாட்டிக்கொண்டது மொழி தெரியாத கடைவீதியில் இல்லை. விமான நிலையத்தின் வருகைப் பகுதியில், ஒரு தூணுக்குப் பக்கத்தில். விடிகாலை மூன்றரை மணி. டாக்சி கூப்பிட இணையம் வேண்டும். அங்கிருந்த இலவச வைஃபையில் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி வர வேண்டிய சிம்மை, ‘அங்கே எதற்கு இது’ என்று கழற்றி வீட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வந்திருந்தேன். சரி, பணமாவது எடுக்கலாம் என்று ஏடிஎம்முக்குப் போனால், கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்படவில்லை. அதைத் திறக்க வங்கிச் செயலி வேண்டும், செயலிக்கு ஓடிபி வேண்டும், ஓடிபிக்கு இழுப்பறை.

ஆறு மணிக்கு சிம் கடை திறந்தது, கையிலிருந்த கொஞ்சம் நோட்டை மாற்றி ஒரு சிம் வாங்கினேன், பிரச்சினை தீர்ந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை, அசட்டுத்தனம்தான். ஆனால் அன்றிலிருந்து பயணத் தயாரிப்பு என்றால் எனக்கு விமானத்திலிருந்து இறங்கி, அறைக் கதவைச் சாத்தும் வரையுள்ள மூன்று மணி நேரம்தான். தூக்கம் கெட்டு, பொழுது குழம்பி, இணையம் இல்லாமல் நிற்கும் நேரம் அது. அங்கே யோசிக்க வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே யோசித்து முடித்துவிட வேண்டும். எந்த இடத்தைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்பதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அதிக நாள் பிடிக்கும் வேலைகளை முதலில் சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வையுங்கள்

டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்யுங்கள். முதலில் காலாவதித் தேதி. பயணம் முடியும்வரை செல்லும் என்றால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. சிங்கப்பூர், இந்தோனேசியா போன்ற பல நாடுகள் நுழையும் நாளில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் கணக்கு வேறு: அங்கிருந்து நீங்கள் கிளம்பும் நாளுக்கு அப்புறம் மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. அடுத்து வெற்றுப் பக்கங்கள். இரண்டு பக்கமாவது முழுதாகக் காலியாக இருந்தால் நிம்மதி.

அப்புறம் பெயர். படம் இருக்கும் பக்கத்தின் அடியில், பக்கத்துக்குக் குறுக்கே இரண்டு வரிகள் இருக்கும்; வரிக்கு 44 எழுத்து, காலி இடங்களில் அம்பு முனை மாதிரிக் குறிகள். இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். டிக்கெட், விசா, காப்பீடு எல்லாவற்றிலும் பெயர் அங்கே இருப்பது போலவே இருக்கட்டும். எது குடும்பப் பெயர், எது முதற்பெயர் என்ற பிரிவும் மாறக் கூடாது. ஒரு கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதில் தனித் தலைவலி உண்டு. அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகி வரும். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலாவுக்கு வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்றே அறிவித்தது. டிக்கெட்டில் பெயரை எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பதிவு செய்த பிறகு பெயரைத் திருத்துவது பெரும்பாடு.

விசா, வழியில் இருக்கும் நாட்டுக்கும் சேர்த்து

நேரில் போய் விரல்ரேகை கொடுத்து வாங்கும் விசா, இணையத்தில் வாங்கும் இ-விசா, இறங்கியபின் வாங்குவது, விசாவே வேண்டாம் ஆனால் முன்பதிவு வேண்டும் என்பது என்று இதில் நாலைந்து வகை. உங்களுக்கு எது என்பதை முடிவு செய்வது உங்கள் பாஸ்போர்ட். எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பது அல்ல. அதனால் வேறு நாட்டு நண்பர் ‘எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே’ என்று சொல்வதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அந்த நாட்டின் தூதரகத் தளம் அல்லது குடியேற்றத் துறையின் தளம், இந்த இரண்டு மட்டுமே நம்பத்தக்கவை.

தேடினால் மேலே வரும் முதல் சில இணைப்புகள் பெரும்பாலும் இடைத்தரகர்களுடையவை. அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கொடி கூடப் பறக்கும். சிங்கப்பூர், மலேசியா, 2025 மே 1 முதல் தாய்லாந்து ஆகியவை வருகிறவர்களிடம் மின்னணு வருகை அட்டை கேட்கின்றன. வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், மூன்றும் இலவசம். இதற்குக் காசு கேட்டால் நீங்கள் தப்பான தளத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

புதியவர்கள் கோட்டை விடும் இடம், வழியில் விமானம் மாறும் நாடு. அமெரிக்காவில் விமானம் மட்டும் மாறுகிறேன் என்றாலும் இமிகிரேஷனைக் கடந்துதான் ஆக வேண்டும், அதனால் அதற்கேற்ற அனுமதியும் வேண்டும். பிரிட்டனில், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறுவதற்கே சில நாட்டவர் விசா வாங்க வேண்டும். இரண்டு விமானங்களுக்குத் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் இன்னும் சிக்கல்: நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டி வரலாம். மலிவாகக் கிடைத்ததே என்று எடுத்த டிக்கெட் இப்படித்தான் கையைக் கடிக்கும்.

இதையெல்லாம் முதலில் பார்ப்பது இமிகிரேஷன் அதிகாரி அல்ல, செக்-இன் கவுண்டரில் இருப்பவர். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டையும் போகும் நாட்டையும் போட்டுப் பார்ப்பார். ‘கூடாது’ என்று வந்தால் ஏற்றமாட்டார்கள். அனுமதி மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கொண்டுவருவது அந்த விமான நிறுவனத்தின் பொறுப்பு, பெரும்பாலும் அபராதமும் உண்டு. அங்கே நின்று வாதாடிப் பயனில்லை. திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, இந்த மூன்றையும் கேட்டால் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தும் காப்பீடும்

கிளம்ப நான்கிலிருந்து ஆறு வாரம் இருக்கும்போதே மருத்துவரைப் பாருங்கள். சில தடுப்பூசிகளுக்கு உடலில் வேலை செய்ய நாள் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று விதி மாறிவிட்டது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அந்த நோய் உள்ள நாடுகள் வழியாகப் போய் இன்னொரு நாட்டில் இறங்கினாலும் இந்தச் சான்றிதழைக் கேட்கக்கூடும்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். அசல் அட்டை, மருத்துவர் சீட்டு, இரண்டும் கூடவே இருக்கட்டும். சாதாரணச் சளி மாத்திரைகூட வம்பாகலாம்: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கோடீன், ட்ரமடால் உள்ள வலி மருந்துகளுக்கு அமீரகத்தில் முன்அனுமதி வேண்டும். மருந்தின் வணிகப் பெயரை மட்டும் தெரிந்து வைத்திருப்பதும் போதாது, நாட்டுக்கு நாடு அது மாறும். மூலப் பெயரும் சில நேரம் மாறும். பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால்.

காப்பீட்டில் நான் பார்ப்பது இரண்டே விஷயம். மருத்துவமனைச் செலவுக்கான வரம்பு எவ்வளவு, ஏற்கெனவே இருக்கும் நோயை ஏற்கிறார்களா. தொலைந்த பெட்டிக்கு எவ்வளவு தருவார்கள் என்பதை வைத்து யாரும் காப்பீடு தேர்ந்தெடுக்காதீர்கள். ஷெங்கன் விசாவுக்கு மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருந்தாக வேண்டும்.

பணம்: இரண்டு கார்டு, இரண்டு இடம்

ஒரே ஒரு கார்டோடு போகாதீர்கள். ஏடிஎம் விழுங்கிவிட்டாலோ, வங்கி சந்தேகப்பட்டு முடக்கிவிட்டாலோ கதை முடிந்தது. இரண்டு வங்கிகளின் இரண்டு கார்டுகள். ஒன்று பர்ஸில், இன்னொன்று கைப்பையின் உள்ளறையில். கிளம்புமுன் இரண்டிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். ஏடிஎம், கடை, இணையம் மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும். ஒன்றைத் திறந்துவிட்டு மூன்றும் திறந்துவிட்டதாக நினைப்பதுதான் வழக்கமான தப்பு. தூணுக்குப் பக்கத்தில் நின்றவன் சொல்கிறேன்.

அந்நிய நாட்டு ஏடிஎம்மிலோ கடை இயந்திரத்திலோ ஒரு கேள்வி வரும்: ‘உங்கள் நாட்டுப் பணக் கணக்கில் எடுக்கட்டுமா, இந்த நாட்டுப் பணக் கணக்கிலா?’ நம் பணத்தில் தொகையைப் பார்த்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும், விரல் தானாக அங்கே போகும். போகவிடாதீர்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால் மாற்று விகிதத்தை இயந்திரத்துக்காரர் வைப்பார், அது அநேகமாக எப்போதும் உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசம். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். கடையில் உங்களைக் கேட்காமலே கடைக்காரர் மற்றதை அழுத்திவிடுவதும் உண்டு. ரசீதில் உங்கள் நாட்டுப் பணம் அச்சாகியிருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

ரொக்கம் கொஞ்சம் வேண்டும். ஒரு டாக்சி, ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு இரவு அறை, இவ்வளவுக்கு ஆகும் தொகை அந்த நாட்டுப் பணமாகவோ டாலராகவோ இருந்தால் போதும். டாலர் என்றால் புதிய, மடிப்பில்லாத நோட்டு. கிழிசல், மைக்கறை, பழைய அச்சு உள்ளவற்றைப் பல நாடுகளில் தொடவே மாட்டார்கள். பெரிய தொகை கொண்டுபோகிறவர்கள் சுங்கத்தில் சொல்ல வேண்டிய வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவிலிருந்து, அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் போனால் அறிவித்தாக வேண்டும். சீனா போகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அங்கே கடைகளில் பெரும்பாலும் கைபேசியில் ஸ்கேன் செய்துதான் பணம் கொடுக்கிறார்கள். அதற்கான அலிபே, வீசாட் செயலிகளில் ஒன்றை வீட்டிலேயே நிறுவி, கார்டை இணைத்து, அடையாளச் சரிபார்ப்பை முடித்துவிட்டுப் போங்கள்.

கைபேசி

இழுப்பறைக் கதையின் பாடம் எளிது. வீட்டு சிம் கைபேசியிலேயே இருக்கட்டும், டேட்டா ரோமிங் மட்டும் அணைந்திருக்கட்டும். ஆனால் குறுஞ்செய்தி வருவதற்கு ரோமிங் சேவையை நிறுவனத்திடம் திறந்து வைத்திருக்க வேண்டும். கைபேசி அமைப்பில் இருக்கும் ரோமிங் சுவிட்சும் நிறுவனம் தரும் ரோமிங் சேவையும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இணையத்துக்கு இ-சிம் வசதியானது; அட்டை எதையும் செருகாமல், கைபேசிக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிம் அது. உங்கள் கைபேசி அதை ஏற்குமா என்று பார்க்க *#06# அழுத்துங்கள். வரும் பட்டியலில் ஐஎம்இஐ எண்ணோடு ஈஐடி என்று ஒரு நீண்ட எண்ணும் இருந்தால் ஏற்கும். இ-சிம்மை வீட்டிலேயே நிறுவிவிடுங்கள், ஏனென்றால் அதை நிறுவவே இணையம் வேண்டும். இறங்கியதும் சுவிட்சை மட்டும் தட்டினால் போதும்.

அப்புறம், இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி மூன்றைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்: போகும் ஊரின் வரைபடம், மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த மொழி, எல்லா டிக்கெட்டுகளின் பிடிஎஃப். தரவிறக்கியதோடு விடாமல், கைபேசியை விமான முறையில் போட்டு மூன்றும் திறக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். மின்னஞ்சலுக்குள் இருக்கும் டிக்கெட் இணையம் இல்லாதபோது பெரும்பாலும் திறக்காது. சீனாவில் கூகுளும் வாட்ஸ்அப்பும் சாதாரண இணைப்பில் வேலை செய்வதில்லை. பதில் வரவில்லை என்று வீட்டில் பதறாமல் இருக்க, எதில் பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உலகத்தில் பிளக் வகைகள் மொத்தம் 15. ஏ-யிலிருந்து ஓ வரை எழுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பல வகை அடாப்டர் ஒன்று போதும். ஆனால் அடாப்டர் துளையைத்தான் பொருத்தும், மின்னழுத்தத்தை மாற்றாது. சார்ஜரின் பின்னால் பொடி எழுத்தில் ‘இன்புட் 100–240 வோல்ட்’ என்று இருந்தால் எந்த நாட்டிலும் போடலாம். முடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றில் பெரும்பாலும் அப்படி இருக்காது. அவற்றை வீட்டில் விட்டுவிடுங்கள்.

ஒரு தாள், ஒரு பேனா

இவ்வளவு செய்தபிறகும் கைபேசி கீழே விழுந்து திரை உடையலாம். அதற்காக ஒரே ஒரு தாள். தங்குமிடத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண். முகவரியை அந்த நாட்டு எழுத்திலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள், டாக்சி ஓட்டுநருக்கு நம் எழுத்துக்கூட்டல் புரிய வேண்டிய கட்டாயம் இல்லை. பாஸ்போர்ட் எண், விமான எண்கள், காப்பீட்டின் அவசர எண், உங்கள் நாட்டுத் தூதரகத்தின் எண், வீட்டில் ஒருவரின் எண். அந்த நாட்டின் அவசர எண்ணும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119.

தூதரகத்திடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் அவசரப் பயண ஆவணம் தருவார்கள். கைதானால் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவு அது. ஆனால் சிறையிலிருந்து எடுக்கவோ, ஹோட்டல் பில் கட்டவோ மாட்டார்கள்.

பேனா ஏன்? தாள் படிவம் இன்னும் கேட்கும் நாடுகள் இருக்கின்றன. அங்கே இறங்கும் ஒவ்வொரு விமானத்திலும் பேனா கேட்டு அலையும் ஒரு கூட்டம் இருக்கும்.

தேதி ஏமாற்றும்

விமானம் 15ஆம் தேதி 00:10 மணிக்கு என்றால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று தெரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். அறைப் பதிவிலும் இதே பொறி. விடிகாலை நான்கு மணிக்கு இறங்குகிறீர்கள், அறை பிற்பகல் இரண்டு மணிக்குமேல்தான் கிடைக்கும். உடனே படுக்க வேண்டுமென்றால் முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்து, விடிகாலைதான் வருவேன் என்று எழுதியும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் வரவில்லை என்று ரத்து செய்துவிடக்கூடும்.

03/04 என்பது அமெரிக்காவில் மார்ச் 4, வேறு பல நாடுகளில் ஏப்ரல் 3. எத்தியோப்பியாவில் கடிகாரத்தையே சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். அங்கே ஒருவர் ஒரு மணிக்கு வாருங்கள் என்றால் அது நம் காலை ஏழாக இருக்கலாம்!

பெட்டி

எடையை வீட்டிலேயே பாருங்கள். எடை இயந்திரத்தில் தனியாக ஏறுங்கள், பிறகு பெட்டியோடு ஏறுங்கள், கழித்தால் வந்துவிடும். பெட்டி வராமல் போகலாம் என்று வைத்துக்கொண்டு கைப்பையை நிரப்புங்கள்: மருந்து, சார்ஜர், ஒரு மாற்று உடை. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட் மணி வரை பொதுவாகத் தடையில்லை. பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர் மணியை (mAh) 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் மணி கிடைக்கும். 20,000 என்று எழுதியிருப்பது 74 தான். திரவங்களுக்குப் பல விமான நிலையங்களில் இன்னமும் 100 மில்லிலிட்டர் விதிதான். பாட்டிலின் அளவைப் பார்க்கிறார்கள், உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை அல்ல.

போகும் நாடு எதைத் தடை செய்திருக்கிறது என்று பத்து நிமிடம் படியுங்கள். மின் சிகரெட் வைத்திருப்பதே சிங்கப்பூரில் குற்றம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உணவு, விதை, மரப்பொருள், மண் ஒட்டிய காலணி எல்லாவற்றையும் படிவத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் அதிகம் போனால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். சொல்லாமல் பிடிபட்டால்தான் அபராதம். சந்தேகமா, ‘ஆம்’ என்று எழுதிவிடுங்கள்.

பெட்டியைப் பூட்டியதும் வெளியே ஒரு படம், திறந்து உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகவரிச் சீட்டு ஒன்றைப் பெட்டிக்குள்ளும் போடுங்கள். வெளிச்சீட்டு கிழிந்துபோவது சகஜம்.

இறங்கியதும்

அவசரப்பட வேண்டாம். கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வரிசையில் நில்லுங்கள். இமிகிரேஷனில் கேட்பது மூன்று நான்கு கேள்விதான்: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், என்ன வேலை. கேட்டதற்கு மட்டும் பதில். நகைச்சுவை வேண்டாம். முத்திரை போட்டதும் அங்கேயே அதிலுள்ள தேதியைப் பாருங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று எழுதியிருந்தால் அது நீங்கள் கேட்டதுதானா என்று சரிபார்ப்பது அப்போது எளிது, மறுநாள் கஷ்டம்.

பெட்டி வரவில்லை என்றால், அல்லது உடைந்து வந்தால், அந்த வளாகத்தை விட்டு வெளியேறாமல் விமான நிறுவனத்தின் லக்கேஜ் மேசைக்குப் போய்ப் புகார் எழுதி, எண் வாங்குங்கள். பிறகு எழுத்துமூலம் நிறுவனத்துக்கு அனுப்பவும் கெடு உண்டு: 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாள்.

வெளியே வந்ததும் கூட்டத்தில் யாராவது ஓடிவந்து பெட்டியைத் தூக்கி ‘டாக்சி, டாக்சி’ என்பார்கள். சிரித்துவிட்டு நடங்கள். பலகை போட்ட அதிகாரபூர்வ வரிசையோ, செயலியோ, ரயிலோ, எதில் போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்திருப்பீர்கள். அந்த நேரத்துக்கு ரயில் ஓடுமா என்பதையும் அப்போதே பார்த்திருந்தால் நல்லது. எனக்கு ஒருமுறை கடைசி ரயில் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அறைக்குப் போனதும் வீட்டுக்கு ஒரு செய்தி. வரவேற்பில் அந்த ஹோட்டலின் விசிட்டிங் கார்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தி, பாஸ்போர்ட்டை ஒரே இடத்தில் வைத்து, கைபேசியை சார்ஜில் போடுங்கள். அன்றைக்கு வேறு எந்தத் திட்டமும் வேண்டாம்.